ஒன்றரை அடிக்கு உள்ளே

ஷார்ஜா

ஜெயக்கொடிக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? நைனாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் கிளம்பிய பிறகு பிறந்த பாப்பா, செஞ்சி வீட்டுக் கூடத்தில் தத்தித் தத்தி நடப்பதைப் போனில் பார்த்தேன். போனில் பேசினால் அறையில் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால்தான் என்னோடு வேலை செய்யும் பாண்டுரங்கன் ஊருக்கு வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு வீடியோ எடுத்தேன். என் லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. ஆள் நெருங்க நெருங்க வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். அந்தக் குழந்தை நேராக என்னிடம் நடந்து வந்தது. திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை அடிக்கு உள்ளே வந்தால் எல்லாம் மங்கிவிடும், நாம்தான் பின்னால் நகர வேண்டும். நான் நகரவில்லை. குழந்தை லென்ஸ் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டது.

"இன்னாடா, தூங்கிட்டியா? பின்னால வாடா!" என்றான் பாண்டுரங்கன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த விரல் தடத்தை உடனே துடைக்கத்தான் மனம் வரவில்லை.

என் பழைய லென்ஸை ஈரம் ஏறாமலிருக்க அரிசி டப்பாவில் வைத்திருப்பதாகச் சொன்னாயே, உள்ளே தவிடு போய்விடும். எடுத்துப் பாண்டுரங்கனிடம் கொடுத்துவிடு. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

அவனுக்கு வண்டி வந்துவிட்டது. லென்ஸுக்கு மூடி போடும் முன், பாப்பாவின் விரலைக் கண்ணாடியில் ஒருமுறை வைத்து எடு. துடைத்துவிடாதே.

ஜெகதீஷ்