லிப்ட் கிளம்பும்போது

என் கண்ணு,

அப்பாவின் காரியம் முடிந்து விடுதிக்குப் போனவள், இயற்பியலை விட்டுவிட்டுக் கடையில் பில் போடப் போகிறேன் என்றாய். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் சித்தப்பாவும் கணக்குப் போட்டுக் காட்டினார். "பீஸ் மட்டும் மேல ஏறுது அண்ணி. முடிச்சு வந்தா சம்பளம் கீழ் மாடியிலயே நிக்கும்." அவர் கணக்கில் தப்பில்லை.

நேற்று அப்பாவின் கருவிப் பையை வாங்க, அவர் லிப்ட் பழுது பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலாளி என்னை உட்காரவைத்தார்.

"லிப்ட் மேல கிளம்பறப்போ உடம்பு ஏன் கனக்குதுன்னு தெரியுமாம்மா? எம்பொண்ணு சொல்லிக் குடுத்துச்சுன்னு உங்க வீட்டுக்காரரு ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்வாரு. கேட்டுக் கேட்டு எங்க காதே புளிச்சுப்போச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இது சித்தப்பா கணக்கில் வரவே இல்லை.

அப்பா எத்தனை கூப்பிட்டும் நான் லிப்டில் ஏறியதில்லை, உனக்கே தெரியும். நேற்று ஏறினேன். நீ சொன்னது சரிதான். கிளம்பும்போது ஒரேயடியாகக் கனக்கிறது, கால் தரையோடு அழுந்துகிறது. கொஞ்சத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

அங்கேயே நாலாவது மாடியில் ஆஸ்பத்திரித் துணி மடிக்கும் வேலை கேட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். தினமும் லிப்டில்தான் போவேன். நீ படிப்பை விடாதே.

உன் வரவை அல்ல, உன் பரீட்சையை எதிர்பார்த்திருக்கும்
அம்மா