வரிக்குப் பன்னிரண்டு இடைவெளி

மார்ச் 4
அக்காவுக்கு இன்றும் ஒரு நாள் வேலை போயிற்று. அவளைப் போலப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் காலை ஏழுக்குள் எங்கள் கம்பெனி செயலியில் வருகை பதிய வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அது உள்ளே விடாது. புதுப்பிப்பு 412 எம்.பி. பாதியிலேயே அவள் டேட்டா தீர்ந்துவிட்டது. இது இரண்டாம் தடவை. மூன்றானால் ஐடி முடங்கும்.

போனில் கத்தினாள்: "அப்படி என்னடா வச்சிருக்கீங்க உள்ளே? யானையா?"

செயலியை எழுதுகிறவன் நான். எனக்கே தெரியவில்லை.

மார்ச் 5
பிரித்துப் பார்த்தேன். தெருப் பட்டியல் மட்டும் 370 எம்.பி. ஒவ்வொரு தெருவுக்கும் அதே தலைப்புகள் முழுசாக, வரிக்கு முன்னால் பன்னிரண்டு இடைவெளி. கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமாம். யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? ஒரு தெரு மாறினாலும் மொத்தப் பட்டியலும் மறுபடி போகிறது, சுருக்காமல். எந்தப் புத்திசாலி செய்த வேலை?

மார்ச் 6
நான்தான்.
சேர்ந்த புதிதில், பிழை தேட வசதிக்காக. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. நேற்று முழுக்க யாரைத் திட்டினேன்?

மார்ச் 10
டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. அவரிடம் சொன்னேன்.
"இந்தக் காலத்துல டேட்டாவுக்கு யாருப்பா அழறா?"
"எங்க அக்கா சார்."
ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன்?

மார்ச் 17
கேட்காமலே மாற்றிவிட்டேன். தலைப்பு ஒரே தடவை, இடைவெளி கிடையாது, மாறிய தெருக்கள் மட்டும் போகும். 46 எம்.பி.
"பரவாயில்லையே, நீயும் உருப்படியா ஒண்ணு செஞ்சிட்ட" என்றாள் அக்கா.

மார்ச் 24
இடம் மிச்சமாகிவிட்டதாம். விளம்பரப் பிரிவு வரவேற்பு வீடியோ வைக்கச் சொல்கிறது. சுருக்கினால் படம் மங்கிவிடுமாம்.
"சார், வண்டி ஓட்டுறவங்க போன்ல..." என்று மீட்டிங்கில் 'பார்க்கலாம்' முன்னால் ஆரம்பித்தேன்.
"நீதானே தம்பி இடம் பண்ணிக் கொடுத்தே!" கைதட்டல் வேறு.
சேர்த்தேன். நான் இல்லாவிட்டால் வேறொருவன் சேர்த்திருப்பான் — அப்படியா? தெரியல. ஒண்ணுமே புரியல.

மார்ச் 27
438 எம்.பி.
காலை 7.20க்கு அக்கா அழைத்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
முடங்கிய ஐடிகளைச் செயலியிலிருந்து நீக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நூற்றுப் பதினாலு பேர். காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே வரி: 'பணியில் ஆர்வமின்மை'. எழுபத்து மூன்றாவது பெயர் அக்காவுடையது.

அவளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை நீக்குவதா? அவர்களுக்குத் தம்பி இல்லையா?

மணி நாலு. இன்னும் ஒருவரையும் நீக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்கள். இல்லை என்றேன், இரண்டு தடவையும்.