மருந்து கலந்தது யார் என்ற கேள்வி

தை 5, திங்கள்
பனி. பத்து மணிக்குத்தான் வாசல் காய்ந்தது. மகள் கீதா தஞ்சாவூர் காலேஜிலிருந்து வந்திருக்கிறாள். வயலில் பூச்சிமருந்து அடிக்கிற இருபது வீட்டில் கேட்டு எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம். கேள்விகளைப் படித்துக் காட்டினாள். ஏழாவது: மருந்து கலந்தது யார்.

அவர் மருந்து அடிக்கையில் வரப்பில் சாய்ந்து இறந்து மூன்று மாதம். அவரே கலந்தார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கலந்தது நான். நெல்லில் புகையான் பூச்சிக்கு ஒன்று, சுருட்டுப்பூச்சிக்கு ஒன்று, இரண்டும் ஒரே டேங்கில். ஒரே நாளில் வேலை முடியட்டும் என்று.

கீதாவுக்கு அப்பா மேல் கோபம். படத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

தை 6, செவ்வாய்
நாலு வீடு. நாலிலும் ஒரே பதில், ஒரு தொந்தரவும் இல்லை. சொன்னால் அரசாங்கப் பயிர் நிவாரணம் நின்றுவிடும் என்று பயம். இப்படிக் கொடுத்தால் காலேஜ் சார் திருப்பிவிடுவாராம். அழுகிறாள்.
கூடப் போய்க் கேட்கலாமென்றால் துக்கக்காரி, வருஷம் திரும்பும்வரை நான் யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது.
வாங்க: உப்பு, தீப்பெட்டி, பேனா.

தை 7, புதன்
படிதானே ஏறக் கூடாது. தெருக்குழாய் பொது. தண்ணீர் விடும் நேரம் அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் கீதா. நான் கேட்டால் சொல்கிறார்கள். வாந்தி, கண் எரிச்சல், கை நடுக்கம், எல்லாம் வந்தது. நேற்றைய நாலு வீடும் மாற்றிச் சொன்னது.
மேலத்தெரு ராணி, "எங்க வீட்டு ஆளு சட்டை போட்டா பூச்சி சிரிக்கும்னு வெறும் உடம்போட எறங்குவாருக்கா" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கம்.
திரும்பும்போது கீதா, "எல்லா வீட்லயும் பொம்பளைங்கதாம்மா கலக்குறாங்க" என்றாள். என்னைப் பார்த்தாள். குடம் கனக்கிறது என்று முன்னால் நடந்தேன்.

தை 8, வியாழன்
பத்தொன்பது வீடு முடிந்தது. ஊரில் மருந்து அடிக்கிற வீடு மீதி ஒன்றுதான். எங்களுடையது. கீதா தானே எழுத உட்கார்ந்தாள். ஏழாவதில் நின்றாள்.
"பத்தாவது படிச்ச மனுசன். ரெண்டையும் எப்படிம்மா ஒண்ணா ஊத்துனாரு?"
தெரியவில்லை என்றுதான் வாயில் வந்தது.
"அவரு ஊத்தல. நான் ஊத்துனேன். அவருக்குத் தெரியாது. எழுது."
எழுதவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். சோறு அப்படியே.

தை 9, வெள்ளி
கண் வீங்கியிருந்தது இரண்டு பேருக்கும். ஆறரை பஸ்ஸுக்குப் பையை மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். காகிதத்தை எடுத்தாள். ஏழாவதில் என் பெயர். எப்போது எழுதினாளோ.
"அடுத்த கேள்வி இருக்கு. ஒன் கையில பட்டுச்சா?"
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பட்டது என்றேன். கருமாதிவரை எரிந்தது என்றேன்.
கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.
ஆறரை போய்விட்டது. அடுத்தது ஏழே காலுக்கு.