குங்குமம் அழிக்காத பேய்

அன்பு மகள் ஆரணிக்கு,

இங்கே மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் சுகம், அங்கே பேர்கன் மழையில் ஊறிப்போகாமல் நீயும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள், அதனால் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி, உன் அம்மா பேயாகிவிட்டாள். பயப்படாதே, நடிப்புத்தான். எங்கள் தமிழ் மன்றத்துத் துஷ்யா சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறாள், பேயோடு பிள்ளைகள் கூட்டாளியாகிற கதை. பேய்க்கு ஆள் தேடியபோது எல்லோரும் ஒரே குரலில் அம்மாவின் பெயரைத்தான் சொன்னார்களாம். இத்தனை வருடமாக நான் சொல்லிவந்ததை ஊர் இப்போதுதான் ஒத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோசம், கறி கிண்டும்போதும் ஊளையிட்டுப் பழகினாள், கீழ்வீட்டு நோர்வேக்காரர் கதவைத் தட்டி, நாய் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

படப்பிடிப்பன்றுதான் வந்தது வினை. வெள்ளைச் சேலை கட்டச் சம்மதித்தவள், பொட்டை அழிக்கமாட்டேன், தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பேய்க்கு ஏது பொட்டு என்று துஷ்யா கெஞ்சிப் பார்த்தாள், வேறு ஆளைப் போடவும் யோசித்தாள். சரி, நானே பேயாகிறேன், எனக்குக் கழற்ற ஒன்றுமில்லை என்று எழும்பினேன், அம்மா பார்த்த பார்வையில் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு துஷ்யாவிடம் மெல்லச் சொன்னாள், "அவர் ஒப்பரேஷன் முடிஞ்சு எழும்பி வரட்டும் பிள்ளை. அதுவரைக்கும் விளையாட்டுக்கும் நான் அழிக்கமாட்டன்."

ஓம் பிள்ளை, வருகிற மாதம் எனக்கு இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். நீ புது வேலையில் சேர்ந்திருக்கிறாய், சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வழமையான ஒப்பரேஷன்தான் என்கிறார்கள் வைத்தியர்கள், எனக்கும் பெரிய பயமில்லை. ஆனால் அன்றைக்கு அவள் தாலிக்கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபிறகு எனக்குப் பகிடி விட மனம் வரவில்லை. துஷ்யாதான் விட்டுக்கொடுத்தாள். பெரிய சிவப்புப் பொட்டோடு பேய் வந்து நிற்க, பயந்து ஓடவேண்டிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள், படத்தில் அதுதான் திறமான காட்சியாம்.

நெஞ்சைத் திறக்கிற நேரம் நான் மயக்கத்தில் கிடப்பேன், எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வெளியே கதிரையில் தனியே இருக்கப்போகிறவள் அவள்தான். எனக்காக வராதே, அவளுக்குப் பக்கத்தில் இருக்க வா. நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே, கேட்டால் லீவு கிடைத்தது என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பான்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
இராசதுரை