பந்தியில் எழுந்திருக்காத ஆள்

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு அத்தா யாகூப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, என் வாய் எப்போதும்போல் தேவைக்கு மேல் சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கத் துஆ செய்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய், போனில் நான் எதைத் தொடங்கினாலும் கேலியில் கொண்டுபோய் விடுகிறேன் கண்ணு, அதனால்தான். எழுதி முடித்ததும் அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். எழுத்துப் பிழை பார்க்காதே, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமே என்னைக் கும்பிட்டு அனுப்பிவைத்தது உனக்குத் தெரிந்ததுதான்.

போன ஞாயிறு நம் கோட்டைமேட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஜமாத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நீ ஊரில் இல்லாததால் உன் சால்வையை எனக்குப் போர்த்தி, மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் துணிக்கடை சஹீரின் மகள் அஃப்ஷீன் நம் கறிக்கடைக்கு வந்தாள். புனேயில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், மாதக் கடைசிக்குள் சேர வேண்டுமாம், சஹீர் அனுப்ப மாட்டேன் என்கிறாராம். எங்க அத்தா முன்வரிசையில்தான் இருப்பார், வெளியூர் போய்ப் படிப்பது நல்ல விஷயம் என்று அவர் மனதில் படும்படி பேசுங்க மாமா என்று கேட்டாள். அதற்கென்ன என்று மார்தட்டி, அரைக் கிலோ கேட்ட பிள்ளைக்கு முக்கால் கிலோ போட்டு அனுப்பினேன்.

நீ சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். மேடை ஏறியதும், நீ செல்லுக்குக் கொடுத்துப் பார்க்கிற அந்த நியூக்ளியோடைடு என்கிற பொருளின் பெயர் வாயில் நுழையவே இல்லை. சரி, எனக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று, கொழுப்புச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வை ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே பரிமாறுகிறவர்தான் என்சைம். விருந்தாளி கையில் நல்லி எலும்போடு உட்கார்ந்தால்தான் பரிமாறுகிறவருக்கு வேகம் வரும், கரண்டி கரண்டியாகப் போடுவார். விருந்தாளி அந்த எலும்பை உடைத்துத் தின்றதும் எழுந்துவிடுவார், கரண்டியும் நின்றுவிடும். என் மகள் அதே மாதிரி ஒரு எலும்பைக் கொடுத்துப் பார்க்கிறாள், அதில் ஒரே ஒரு மூட்டு மட்டும் மாற்றியது. பார்வைக்கு நல்லிதான், ஆனால் எந்தப் பல்லாலும் உடையாது. உடைக்காமல் ஆள் எழ முடியாது, ஆள் எழாமல் கரண்டி நிற்காது. அப்படி ஓட விட்டால்தான் அந்தக் கரண்டிக்கு எங்கிருந்து வேகம் வருகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க முடியும். இதுவரைக்கும் சரிதானே கண்ணு? கூட்டமே தலையாட்டியது. அங்கேயே மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருந்தால் நான் உன் அத்தாவே இல்லை. அந்த உடையாத எலும்புக்காரர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டுமா, இதோ முன்வரிசையில் நம் சஹீர், மூன்று பந்தி முடிந்தாலும் எழ மாட்டார் என்று கையைக் காட்டிவிட்டேன். மண்டபமே சிரித்தது. சஹீரும் சிரித்தார், உதட்டோடு சரி. டீ குடிக்காமலே போய்விட்டார். வெளியூர்ப் படிப்பைப் பற்றிப் பேசுவதாக அஃப்ஷீனிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அஃப்ஷீன் என்னைப் பார்த்த பார்வையில் என் தோளில் கிடந்த சால்வை கோணிச்சாக்காகிவிட்டது.

மறுநாள் கடை திறந்ததும் சஹீர் வந்து நின்றார். தொங்கும் ஆட்டுத் தொடைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன், என் தொந்தி ஒத்துழைக்கவில்லை. மன்னிச்சுக்கங்க என்று ஆரம்பித்தேன். அதை விடுங்க, நான் பந்தியில் உக்காந்தா எந்திரிக்கிறதில்லைன்னு எங்க ஊட்லயே சொல்றதுதானுங்க என்றார். பிறகு, “ஏனுங்க யாகூப்பண்ணே, உங்க புள்ள அங்க காச்சல்ல படுத்தா யாருங்க கஞ்சி வெச்சுக் குடுக்கறது?” என்று கேட்டார்.

தெரியலைங்க, நான் கேட்டதே இல்லைங்க என்றேன். கேட்டுச் சொல்லுங்க, அதுக்கப்புறம் நான் முடிவு பண்ணிக்கறேன் என்று சொல்லிவிட்டு, கறி வாங்காமலே போனார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, போன குளிரில் நீ காய்ச்சலாகக் கிடந்ததைச் சொன்னாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா சிரிச்சுப்போட்டு, அப்பறம் தூங்காம கெடப்பீங்கன்னு புள்ளதான் வேண்டாம்னுட்டா” என்றாள். சிரிக்க முயன்று பார்த்தேன் கண்ணு, வரவில்லை. கஞ்சி யார் வைத்தது என்று அவளுக்கும் தெரியவில்லை, நீ சொல்லவில்லையாம்.

வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் சஹீரைக் கடையில் உட்காரவைத்து உனக்குப் போன் போடுகிறேன். அவரிடம் என்சைம், எலும்பு எதுவும் பேசாதே, அதை நான் பேசிக் கெடுத்தது போதும். காய்ச்சலில் என்ன செய்தாய் என்று மட்டும் சொல். யாராவது வைத்துக் கொடுத்திருந்தால் அவர்கள் பேரைச் சொல், நானும் அவர்களுக்குத் துஆ செய்வேன். யாரும் இல்லை, நானேதான் எழுந்து வைத்துக் குடித்தேன் என்றால் அதையே சொல். அஃப்ஷீனுக்காக இனிப்புத் தடவாதே, சஹீர் கண்டுபிடித்துவிடுவார், பிறகு அந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்கிற ஒரே கதவும் சாத்திக்கொள்ளும்.

போன் ஸ்பீக்கரில் இருக்கும். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவர் கேட்க வேண்டியதை விட எனக்குக் கேட்க வேண்டியது அதிகம். அல்லாஹ் உன் உடம்புக்கும் உன் வேலைக்கும் பரக்கத் தரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை போனை எடுத்துவிடு கண்ணு.

உன் அத்தா,
கறிக்கடை யாகூப்