விளக்கணைந்த பிறகு வாசிக்கவேண்டிய தோட்டம்

என் பிரிய அண்ணா,

நாளை பெரிய வியாழன், ஆண்டவர் பிடிபட்ட இரவு. நீ போன பிறகு வரும் முதல் பெரிய வியாழன். ஆராதனை முடிந்து, பீடத்துத் துணிகளையும் மெழுகுவர்த்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பத்து நிமிடம் ஆர்கனில் உட்காரப் போவது நான்.

உனக்கென்ன, தொம்மலூர் ஆபீஸிலிருந்து நேரே வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். கையில் ஒரு இசைத்தாள் கிடையாது. ஆண்டவர் கலங்கி ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை அந்த நேரத்தில் மனதில் தோன்றியபடி வாசிப்பாய். ஒரு வருடம் வாசித்தது மறு வருடம் வராது. ஒரு தடவையாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா?

தாளைப் பார்க்காமல் எனக்கு ஒரு ஆமென்கூட வராது என்று கேலி செய்வாய். உண்மைதான். அதனால் ஒரு மாதமாக உட்கார்ந்து தோட்டத்தை நானே எழுதினேன், எட்டுப் பக்கம். ஒலிவமரங்கள், காற்று, தீவட்டியோடு வரும் கூட்டம் எல்லாம் இருக்கிறது.

இன்று காலை ஒத்திகையில், கோயில் வேலைகளைப் பார்க்கும் ஸ்டீபன் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, நாளைக்கு ஒவ்வொரு லைட்டா ஆஃப் பண்ணிட்டே வருவேனே. கடைசியில மொத்தமா இருட்டு. இந்தப் பேப்பரை எப்டி பாப்பீங்க?"

எத்தனை வருடம் அந்த இருட்டில் உட்கார்ந்து உன்னைக் கேட்டிருக்கிறேன்! எப்படி மறந்தேன்?

போதகர் ஐயர்தான் வழக்கம்போலக் கன்னடம் கலந்து, "சும்னே டென்ஷன் ஆகாதேம்மா, சின்ன லைட் ஒண்ணு வெச்சுக்கோ" என்றார். தலையாட்டிவிட்டு ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து எட்டுப் பக்கத்தையும் புரட்டினேன். விழித்திருங்கள் என்று ஆண்டவர் கேட்டும் தூங்கிப்போன சீஷர்கள் மட்டும் அதில் இல்லை. நீ அவர்களுக்கென்று கால் பெடலில் ஒரு தாழ்ந்த சுரத்தை நெடுநேரம் பிடிப்பாய். அவர்கள்மேல் உனக்குக் கோபமே இல்லாத மாதிரி இருக்கும்.

ஏன் விட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரியும். அண்ணியிடம்கூடச் சொல்லாததை இங்கே இணையத்தில் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெசி, தூங்கிடாத, கொஞ்ச நேரம் பேசிட்டிரு" என்றாய். மூன்று நாள் அலுப்பு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது நீ இல்லை. நடுவில் என்னைக் கூப்பிட்டாயா அண்ணா?

விளக்கு வேண்டாம் என்று இப்போதுதான் ஐயருக்குப் போன் செய்தேன். எட்டுப் பக்கமும் வீட்டிலேயே இருக்கட்டும். நாளை தூங்கியவர்களைத்தான் முதலில் வாசிப்பேன். விரல் தடுமாறும், சுரம் தப்பும், சபை திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். பீடத்தின் கடைசித் துணியும் போகும்வரை நான் கண்ணை மூட மாட்டேன், இது உனக்கு என் வாக்கு.

உன் பக்கத்தில் தூங்கிப்போன தங்கை,
ஜெசி