மூன்று கேன் மழை

மாப்ளே,

இன்று மதியம் அரியலூரில் மழை பிடித்துக்கொண்டது. கத்திரி வெயிலுக்குப் பிறகு முதல் மழை. பட்டறையில் லேத்தை அப்படியே நிறுத்திவிட்டு மூன்று நீலக் கேன்களையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். அறுபத்தொரு வயதில் ஓட்டம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று, "என்ன மேஸ்திரி, குழாயில தண்ணி வரலையா?" என்றார். "இஞ்சினுக்குங்க" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்த ஆளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டுமே, எனக்கென்ன?

கேனை உடனே வைக்கவில்லை. "மொதப் பத்து நிமிசத்த வுட்ருடா. உங்கூரு மாடி பூரா சிமெண்டுத் தூசி" என்பாயே, அதனால் நனைந்தபடி நின்றேன். நின்றபோது உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதாகத் தோன்றியது. உன்னை அடக்கிய கபுருக்கு வந்து சொல்லலாம்தான். ஆனால் அங்கே உன் மச்சான், உன் மனைவியின் தம்பி, வந்து நிற்பான். ஆகவே எழுதுகிறேன்.

அரபு நாட்டுக் கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பினாய். மற்றவர்கள் செண்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். நீ நான்கு மரப்பெட்டிகளில் சக்கரமும் சிலிண்டரும் கொண்டுவந்தாய். உன் மேஸ்திரி ஒரு கிழவர் பாதி செய்து போட்டிருந்த நீராவி இஞ்சினாம். அவர் தன் ஊருக்குத் திரும்பும்போது உன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் நேராக என் பட்டறைக்கு வந்து, "அச்சு கடையணும்டா" என்றாய்.

"என்ன வண்டிக்கு?"

"ரயிலுக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "டேய், உங்க பெரம்பலூருக்கு ரயிலே கெடையாதேடா. ரயிலப் பாக்கணும்னாலே நீங்கள்லாம் எங்கூருக்குத்தான் வரணும்" என்றேன்.

உனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாய். "எத்தன எலக்சனா வரும் வரும்னு சொல்றானுவ. அவனுவ வுட மாட்டானுவ. நான் வுடுறேன் பாரு" என்றாய்.

விட்டாய். மூன்று வருஷம் ஆனது. பாய்லரை நீ வெல்டு வைத்தாய், அச்சும் பிஸ்டனும் நான் கடைந்தேன். இடுப்பு உயரம், தண்ணீர்ப் பெட்டியோடு சேர்த்து ஒன்பதடி நீளம். எட்டு ஆள் இல்லாமல் அசையாது. உன் வீட்டுப் பின்னாலிருந்த தென்னந்தோப்பைச் சுற்றி முந்நூறு அடிக்கு ஜாண் அகலத் தண்டவாளம் போட்டோம். பின்னால் கோத்த தள்ளுவண்டியில் ஆறு பேர் உட்காரலாம். முதல் நாள் ஓடியபோது நீ தென்னை மரத்தில் ஒரு பலகையை அடித்தாய்: 'பெரம்பலூர் மாவட்டத்தின் முதல் ரயில் நிலையம்.' அந்த எழுத்தை நான் மூன்று தடவை படித்தேன். அன்று உன்னிடம் சொல்லவில்லை.

எல்லோரும் வந்து ஏறினார்கள், உன் மனைவி மட்டும் ஏறவில்லை. "பொழப்பத்த வேல" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார்.

என் தப்பும் ஞாபகம் இருக்கிறது. ஒருமுறை தோப்பில் இஞ்சினுக்கு மழைத் தண்ணீர் குறைவென்று சொன்னாய். உபகாரம் பண்ணுவதாக நினைத்து என் வீட்டு போர் தண்ணீரை நான்கு கேனில் கொண்டுவந்து நீ பார்க்காதபோது ஊற்றிவிட்டேன். குடிக்க இனிப்பாக இருக்கும் தண்ணீர். ஒரு மாதத்தில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. "உங்கூரு தண்ணிய இன்னும் நாலு தடவ ஊத்து. உள்ளாற ஒரு சிமெண்டு ஃபேக்டரியே வச்சிரலாம்" என்று கத்தினாய். பதினைந்து நாள் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கேன்களில் பேப்பர் ஒட்டி எழுதி வைத்தாய்: 'மழைத் தண்ணி. எவனும் தொடாதே.' எவனும் என்றால் நான்தான். தெரியாதா எனக்கு?

பொங்கலுக்கு முந்தின வாரம் நீ போய்விட்டாய். கையில் ஸ்பேனர் இருந்ததாம். மூன்று பிடி மண் நானும் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன?

நாற்பதாம் நாள் கழிந்ததும் உன் மச்சான் போன் செய்தான். ஹைவேயில் ஹோட்டல் கட்டுகிற ஒருவர் இஞ்சினைக் கேட்கிறாராம். தங்கக் கலர் பூசி, பாய்லரை வெட்டி உள்ளே லைட் போட்டு, வாசலில் நிறுத்தப்போகிறாராம். பிள்ளைகள் ஏறி போட்டோ எடுத்துக்கொள்ளுமாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டப்படி அதில் ஒரு நட்டு கூட என்னுடையது இல்லை. இருந்தும் இரண்டு பஸ் மாறிப் போய் நின்றேன். "பாய்லர வெட்டுறதுக்கு மொதல்ல என்ன வெட்டச் சொல்லு" என்றேன்.

"ஓடாத வண்டிய வச்சிக்கிட்டு என்னண்ணே பண்றது?" என்றான் மச்சான்.

"ஓடும்."

"யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்டா."

உன் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். "ஞாயித்துக்கெழம அந்த ஹோட்டல்காரரு பாக்க வராரு. ஓடுச்சுன்னா இருக்கட்டும்ணே. ஓடலன்னா குடுத்துருவோம். அது சும்மா நிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

ஐந்து நாள் தோப்பிலேயே கிடந்தேன். புகைக்குழாய்களைத் துடைத்தேன். மழைத் தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரை பாய்லரில் நிரப்பி, நீ செய்கிற மாதிரியே கைப்பம்பால் இரட்டைப் பிரஷர் ஏற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். பாய்லர் அசையவில்லை. நீ வைத்த வெல்டு, மாப்ளே! ஒரே ஒரு மூட்டில் கசிவு. அதைச் சரிசெய்ய பாய்லர் வால்வைத் திறந்துவிட்டேன். தண்ணீரைப் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. மொத்தமும் தென்னைக்குப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் இன்னொரு பதினைந்து நாள் போன் எடுத்திருக்க மாட்டாய்.

ஞாயிறு காலை ஹோட்டல்காரர் காரில் வந்து இறங்கிவிட்டார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மச்சான் போர் குழாயைக் காட்டி, "ஒரு நாளைக்குத்தானேண்ணே, ஊத்துங்க" என்றான். கை குழாய்வரை போனது. உண்மையைச் சொல்கிறேன், போனது. பிறகு உன் கத்தல் காதில் விழுந்தது. "மாட்டேன்" என்றேன். "அப்ப தண்ணியில்லாம ரயில் கேன்சலா?" என்று மச்சான் சிரித்தான்.

அப்போதுதான் உன் மனைவி ஒரு கேனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே போய் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றிலும் உன் எழுத்து.

"கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேண்ணே. அவுக கடைசியா புடிச்ச மழ. மத்ததெல்லாம் செலவாயிருச்சு. இத மட்டும் ஒளிச்சு வச்சேன்."

என்னால் வாங்க முடியவில்லை. "வேணாம்மா. அது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"கட்டிலுக்கு அடியில வச்சு என்ன பண்ணப்போறேன்? கலர் பூசி வாசல்ல நிறுத்துறதும் இதுவும் ஒண்ணுதாண்ணே. ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவிடவில்லை. சவுக்குச் சிராயும் கரியும் போட்டுப் பற்றவைத்து, புகைபோக்கியில் சின்ன ஃபேனை வைத்துக் காற்றை இழுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. பிரஷர் முள் மெல்ல ஏறி நூறில் நின்றது. இன்ஜெக்டரைத் திறந்தேன். முதல் தடவை துப்பியது. மச்சான் தொண்டையைச் செருமினான். இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு உறிஞ்சியது. விசிலை இழுத்தேன். தோப்பிலிருந்த காக்கை அத்தனையும் பறந்தது.

கிளம்பப்போகும்போது உன் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து தள்ளுவண்டியில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினேன். பதினொரு சுற்று. புகைபோக்கியிலிருந்து வந்த ஆவி எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. பின்னால் அவர் அழுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கும் கண் தெரியவில்லை. தண்ணீர் குறைந்ததும் நெருப்பைத் தட்டி அணைத்தேன். நீ பிடித்த மழை அதோடு தீர்ந்தது. காலிக் கேன்களை நான் ஊருக்கு எடுத்து வந்துவிட்டேன்.

உன் மனைவி இறங்கி நேராகத் தன் தம்பியிடம் போனார். "ஓடுது. எங்கயும் போவாது. அவருக்கு டீ குடுத்து அனுப்பு" என்றார். ஹோட்டல்காரர் டீ குடித்துவிட்டு, தானும் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டார். "மழ பேஞ்சா வாங்க" என்றேன்.

இன்று பெய்துவிட்டது. பத்து நிமிஷம் விட்டுவிட்டுத்தான் பிடித்தேன், கத்தாதே. மூன்று கேனும் நிறைந்துவிட்டன. நாளைக் காலை முதல் பஸ். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டால் போடட்டும்.

ஒரு விஷயம்தான் வருத்தம். நனைந்ததில் உன் எழுத்து அழிந்துவிட்டது. புதுப் பேப்பர் ஒட்டி அதையே என் கையால் பெரிதாக எழுதினேன்: 'மழைத் தண்ணி. எவனும் தொடாதே.'